முதல் வாய்

முதலில் சத்தம்தான் வரும். கொதிக்கிற தேங்காயெண்ணெயில் ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காய்ச் சீவல்கள் விழும் சத்தம். தகரக் கூரையில் தூறல் தொடங்குவதுபோல் தொடங்கி, பெருத்து, அடங்கும். பின்னால் மணம் வரும். ஓணம் நெருங்கும் வாரங்களில் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் தெரு முழுக்க அந்த மணம்தான். பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய்த் தண்ணீரின் ஈரம், உப்பேரி வறுக்கும் கடைகளின் எண்ணெய்ப் புகை, மழையில் நனைந்த கூட்டம். எல்லாரும் அந்தக் கடைகளை நோக்கி நகர்வார்கள். நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஏன் என்று என் மனைவி கேட்பதில்லை. அவளுக்குத் தெரியும்.

மகளுக்கு முழுசாகத் தெரியாது, நடந்தபோது அவள் சின்னவள். வீட்டுக்கு எது வந்தாலும், கீரையோ கிழங்கோ பழமோ, முதல் வாய் நான் வைக்கிறேன். வைத்துவிட்டு மற்றவர்களைத் தொடவிடாமல் மூடி வைக்கிறேன். "அப்பாக்கு ஆக்கிராந்தம்" என்கிறாள் அவள். தின்னும் பேராசை அல்ல அது. ஒருவர் என்னிடம் விட்டுப்போன வேலை இது. அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. சேர்ந்து தோட்டம் போட்ட நாங்கள் ஏழு குடும்பங்களும் அவரை அக்கா என்றோம். பக்கத்து மலையாளிகள் சேச்சி என்றார்கள். அக்கா என்றே இருக்கட்டும்.

பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மூன்று ஏக்கர். ரப்பர் வெட்டிப்போட்ட நிலம். வலியசாலையிலும் அதைச் சுற்றியும் இருந்த ஏழு குடும்பங்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தோம். ஆபீஸ் ஆட்கள், கணக்கு ஆட்கள், ஓய்வு பெற்றவர்கள். மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்று போனில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். விஷமில்லாத சோறு தின்ன வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை. ஞாயிறு தோறும் போவோம். மரச்சீனிக் கிழங்கு, சிறுகிழங்கு, இஞ்சி, பயறு. உச்சி வெயிலில் எல்லாருக்கும் ஒரே பானையில் கஞ்சி. ஏழு வீட்டுக்கும் போக மிஞ்சியதை எங்கள் தெருக்களில் கேட்கிற வீடுகளுக்குக் கொடுப்போம்.

ஞாயிறு தவிர மற்ற ஆறு நாளும் தோட்டம் அக்காவுடையது. மேலே தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். எஸ்டேட் மூடியதும் இறங்கி வந்து எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் தங்கினார். வேலைக்காரி என்று யாரும் சொல்லவில்லை. பங்குக்காரர் என்றும் சொல்லவில்லை. இன்னதென்று சொல்லாமலே ஐந்து வருஷம் ஓட்டிவிட்டோம். நகரத்து ஆட்களுக்கு அது எளிது.

ஒல்லியான உடம்பு. மஞ்சள் படிந்த நகங்கள், இடது கையில் இரண்டு விரல்களுக்கு நகமே இல்லை. குனிந்து நடப்பார். முதுகில் ஏதோ இன்னும் தொங்குவதுபோல.

முதல் விளைச்சல் வெள்ளரி. விஷுவுக்கு முந்தின ஞாயிறு. பறித்துக் குவித்ததும் என் மகள் ஒன்றை எடுத்துக் கடிக்கப் போனாள். அக்கா அவள் கையிலிருந்து அதை வாங்கிவிட்டார். பிடுங்கவில்லை, வாங்கினார். தோலோடு, காம்போடு, தானே தின்றார். முழுசாக. மென்று மென்று, கண்ணை மூடிக்கொண்டு.

"என்னக்கா, ராஜா வீட்டுச் சமையலா, ருசி பாத்துக் கொடுக்க?" என்று சிரித்தேன்.

"ராஜா தின்னா ராஜா மட்டும்தான் சாவான் ஸாரே. இது பிள்ளைங்க தின்னுறதுல்லா."

"இப்ப எடுத்துக்கலாமா?"

"நாளைக்கு. ஒரு ராத்திரி கழியட்டும்."

அந்த ஒரு ராத்திரிதான் அவருடைய சட்டம். எது விளைந்தாலும் முதலில் அவர் தின்பார். வேக வேண்டியதை உப்பில்லாமல் வேகவைத்துத் தின்பார். மறுநாள் காலை எழுந்து, கஞ்சி குடித்து, நான்கு எட்டு நடந்து பார்த்துவிட்டு, கொட்டகையிலிருந்து எனக்கு போன் செய்வார். "ஒண்ணும் இல்ல ஸாரே. கொடுக்கலாம்." நான் அதைப் போனில் எங்கள் ஏழு குடும்பக் குழுவில் எழுதுவேன்: அக்கா தின்னாச்சு. எங்களிடம் வேறு சான்றிதழ் கிடையாது. வாங்குகிற வீடுகளும் வேறு கேட்கவில்லை. "அக்கா தின்னாச்சா?" என்று தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். கேலியாகத் தொடங்கியது. பிறகு கேலி தேய்ந்து நம்பிக்கை மட்டும் மிஞ்சியது.

எங்களில் மூத்தவர் வலியசாலை அக்ரகாரத்து மாமா. வங்கியில் கணக்கு பார்த்து ஓய்ந்தவர். பனையோலைத் தொப்பி வைத்துக்கொண்டு வெயிலில் நின்று எல்லாரையும் வேலை வாங்குவார். முதல் கதலிக் குலையைப் பிள்ளையாருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அக்கா அதற்குள் ஒரு பழத்தைப் பிய்த்துவிட்டிருந்தார்.

"என்னம்மா இது? பகவானுக்கு முன்னாடி மனுஷா வாய் வைக்கலாமோ? எச்சிலாயிடுத்தே!"

"சாமிக்கும் வயிறு உண்டுல்லா சாமி?"

எங்களில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்கள். வெறும் எச்சில் பற்றிய பேச்சல்ல அது, யாருடைய எச்சில் என்பது பற்றியது. அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரியும், அக்காவுக்கும் தெரியும். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. மேல் சீப்பு அக்காவுக்கு, அடுத்த சீப்பு பிள்ளையாருக்கு. ஒரு ராத்திரி இடைவெளி. பிள்ளையார் காத்திருந்தார்.

ஏன் இப்படி என்று எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. ஒரு ஞாயிறு கொட்டகையை நெருங்கும்போதே குமட்டியது. எலி செத்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். அக்காவின் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. அவர் கட்டில்மேல் உட்கார்ந்து நிதானமாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"நாறலையா அக்கா?"

"மூக்கு போச்சு ஸாரே. இருபது வருஷம் முதுகுல டாங்கு கட்டி மருந்தடிச்சேன். மொதல்ல மூக்கு போச்சு, பின்ன நகம். நாக்கு இருக்கு. அது மதி, போதும்."

இன்னொரு முறை, இஞ்சி பறிக்கும்போது, மழை பிடித்துக்கொண்டது. நானும் அவரும் மட்டும் பாலித்தீன் விரிப்பின் கீழ் ஒதுங்கினோம். இஞ்சியில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே சொன்னார். கேட்காமலே சொன்னார்.

"மருந்தடிச்ச வரிசையில கம்பு நட்டு செவப்புத் துணி கட்டணும். கேங்குல கடைசியா நிக்கறவ வேலை அது. அன்னைக்கு நான் கடைசி. துணி எடுத்துட்டு வர மறந்துட்டேன். மத்தியானம் பாக்கறேன், என் நாத்தனா அந்த வரிசை ஓரமா மணத்தக்காளிக் கீரை கிள்ளிட்டு இருக்கா. மடி நெறய."

"கூப்பிடலையா?"

"கூப்பிடற தூரம்தான். ஸூப்பர்வைசர் பக்கத்துல நிக்கறாரு. கூப்பிட்டா துணி கட்டலன்னு தெரிஞ்சுபோகும். எல்லார் முன்னாலயும் கேவலமாப் பேசுவாரு. சாயந்திரம் லயத்துல போயி சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டேன்." இஞ்சியைக் கூடையில் போட்டார். "அவ மத்தியானமே கீரையக் கடைஞ்சு தின்னுட்டா. அந்த ராத்திரி கழியல அவளுக்கு."

மழை விடவில்லை. அடுத்த இஞ்சியை எடுத்தார்.

"கூவியிருந்தா மதி ஸாரே. ஒரு கூவல்."

இதையெல்லாம் கேட்டவன் நான். மறந்துவிடாதீர்கள். இதையெல்லாம் கேட்ட பிறகுதான் நான் அதைச் செய்தேன்.

ஓணத்துக்கு ஏத்தன் வாழை போடலாம் என்று சொன்னது நான். மாமா வேண்டாம் என்றார், அக்கா நாலு வாழை மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்றார். நான் பேசிப் பேசிக் கரைத்தேன். இருநூறு கன்று. ஓணத்துக்கு வீட்டுக்கு ஒரு குலை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். குலை தள்ளுகிற நேரத்தில் தண்டுப்புழு வந்தது. தண்டில் ஊசித் துளைகள், துளைகளிலிருந்து கண்ணீர் மாதிரி பசை. வேப்பெண்ணெய், சாம்பல், சேற்றுப் பூச்சு, எல்லாம் பார்த்தோம். ஒரு காற்றுக்கு எட்டு வாழை மடிந்தன. மடிந்ததைக் கையால் தொட்டால் உள்ளே பொத்தல். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நின்று பார்த்தார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. மாமா மட்டும் தொப்பியைக் கழற்றி, விசிறி, மறுபடி வைத்துக்கொண்டார். அது போதும் எனக்கு.

ஒரு புதன்கிழமை அக்கா ரேஷன் வாங்க இறங்கிய நேரம் பார்த்துப் போனேன். கையில் உரக்கடையில் வாங்கிய பூச்சிமருந்துப் பொட்டலம். கடைக்காரன் குலை வெட்ட எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று சொல்லித்தான் தந்தான். ஓணத்துக்கு அவ்வளவு நாள் இல்லை என்று எனக்குத் தெரியும். என் பழைய வேட்டியைக் கிழித்து, கட்டைவிரல் அளவு முடிச்சுகளாகக் குருணையைக் கட்டி, பின்வரிசை வாழைகளின் மட்டை இடுக்குகளில் செருகினேன். பின்வரிசை மட்டும். அந்தக் குலைகளை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, புழு மற்ற வரிசைகளுக்கு வராமல் ஒரு வேலி, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொன்னேன். காற்றில் அந்த நெடி கனத்தது. பூண்டு அழுகியது மாதிரி ஒரு நெடி. யாருக்காவது தெரிந்துவிடும் என்று பயந்து, உடனே நினைத்தேன்: இங்கே இருக்கிறவருக்கு மூக்கு இல்லையே.

அப்படி நினைத்தேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

அறுவடை ஞாயிறு. ஏழு குடும்பங்களும் வந்திருந்தன. பிள்ளைகள், கேமரா, அடைப் பிரதமன் பாயசத்துக்கு அடுப்பு. குலைகளை முற்றத்து உத்தரத்தில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டோம். மறுநாள் காலை டெம்போ வரும். முன்வரிசைக் குலைகள் எல்லாம் மெலிவு, சூம்பின விரல்கள். பின்வரிசை மட்டும் கொழுத்து நின்றது. அக்கா வெட்டுக்கத்தியோடு அங்கே போனார்.

"அது முத்தலக்கா. அடுத்த வாரம் பாக்கலாம்."

"எது முத்தல? விரல் உருண்டு நிக்குது, பாருங்க ஸாரே."

"இந்த வரிசையில பாருங்களேன்."

"நல்லா இருக்கறதத்தானே தின்னு பாக்கணும்."

ஒரே வெட்டு. வாழை தலை சாய்ந்தது, குலை அவர் தோளுக்கு வந்தது. மட்டை இடுக்குகளில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் அப்படியே அவர் கழுத்திலும் முதுகிலும் கொட்டியது. "அக்கா குளிச்சாச்சு!" என்று பிள்ளைகள் கூவினார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்தெலும்பில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றை எடுத்தார். வெள்ளைத் துணி முடிச்சு. வேட்டிக் கரையின் பச்சைக் கோடு அதில் தெரிந்தது. பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

வேறு யாரும் கவனிக்கவில்லை.

அடுப்புக்குப் போனார். மேல் சீப்பிலிருந்து ஒரு காய். தோலோடு நறுக்கினார். எப்போதும் செய்வதைவிட மெதுவாக. தண்ணீர் கொதிக்கக் காத்திருந்தார். வெந்ததை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். ஆறட்டும் என்று விட்டார். ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"தின்னட்டா, ஸாரே?"

சுற்றிலும் எல்லாரும். என் மனைவி சிரித்துக்கொண்டே, "இதென்னக்கா புதுசா பெர்மிஷன்?" என்றாள். மாமா தொப்பியை விசிறிக்கொண்டிருந்தார். என் மகள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைதான். வேண்டாம் என்கிற நான்கு எழுத்து. தொண்டைவரை வந்தது. எல்லாருடைய முகங்களையும் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

"ம்," என்றேன்.

தின்றார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

ஒரு ராத்திரி தேவைப்படவில்லை. வெயில் சாய்வதற்குள் வியர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது. கைகள் தாமாகத் துடித்தன. மாமாவின் காரில் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்தார். கருமணி கடுகுபோலச் சுருங்கியிருந்தது.

"எந்தா கழிச்சது? வல்ல விஷமருந்நும்?" என்ன தின்றார், ஏதாவது விஷமருந்தா என்று கேட்டார்.

நான் பேசுவதற்குள் மாமா முன்னால் வந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த நல்ல மலையாளத்தில் சொன்னார். எங்கள் தோட்டம் சுத்த ஜைவம், ஒரு துளி மருந்து கிடையாது, தான் சத்தியம் பண்ணத் தயார். கண் கலங்கச் சொன்னார். டாக்டர் குழம்பினார். நான் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். காரை நகர்த்தச் சொல்லி வெளியே செக்யூரிட்டி கத்தினான். மாமா ஓடினார். அவர் போன பிறகுதான் சொன்னேன். பொட்டலத்தின் மேல் இருந்த பெயரை, எழுத்து எழுத்தாக. டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

பிழைத்தார். நான் சொன்னதால் பிழைத்தார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது. நான் சொல்லாமல் நின்ற நேரத்தையும் அவர் உடம்புதான் தாங்கியது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளும் குழுவில் பேச்சு ஓடியது. பக்கத்து ரப்பர்த் தோட்டக்காரன் மருந்தடித்திருப்பான், காற்றில் வந்திருக்கும், பஞ்சாயத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று மாமா எழுதினார். எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். நானும் போட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கா நேராகத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். ஏழு குடும்பங்களும் காத்திருந்தன. குலைகள் உத்தரத்தில் அப்படியே தொங்கின. பழுத்து, கறுத்து, குளவி மொய்த்து. முன்வரிசைக் குலைகளும்கூட. அக்கா சொல்லாமல் யாரும் தொடவில்லை. ஓணம் அதற்குள் போயிருந்தது.

அவர் யாரோடும் பேசவில்லை. கொட்டகைக்குள் போய்த் தன் பெட்டியிலிருந்து பழைய சிவப்பு ரவிக்கை ஒன்றை எடுத்து வந்தார். பல்லால் கடித்துக் கிழித்தார். பயறுப் பந்தல் கம்பு ஒன்றை உருவி, நுனியில் அந்தத் துணியைக் கட்டினார். எல்லார் முன்னாலும் அதை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். பின்வரிசை வரைக்கும் நடந்தேன். கம்பை நட்டேன். மண் இளகியிருந்தது, சுலபமாக இறங்கியது. திரும்பியபோது ஒருவரும் அசையவில்லை. என் மனைவி மகளைத் தன் பக்கமாக இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தாள். மாமா மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"சத்தியம் பண்றேன்னு சொன்னேனேப்பா," என்றார். "டாக்டர்ட்ட, நெஞ்சுல கைய வச்சு... நீ பக்கத்துலதானே நின்னுண்டிருந்தே?"

அத்தோடு தோட்டம் முடிந்தது. குலைகளைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். என்னை மண்வெட்டி எடுக்கவிடவில்லை.

மேலே போகும் பஸ் மூன்று மணிக்கு. அதை விட்டால் அன்று இல்லை. மூடின எஸ்டேட்டின் லயத்தில் இன்னும் சில வீடுகளில் ஆள் இருக்கிறது, அங்கே போகிறேன் என்றார். பெட்டியை நான் தூக்கினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலையோரம் நின்றோம். அவர் கை இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"முடிச்சப் பாத்தீங்கல்லக்கா. தெரிஞ்சுதானே தின்னீங்க. ஏன்?"

கீழே வளைவில் பஸ்ஸின் முனகல் கேட்டது.

"கீரை கிள்ளும்போது அவ ஒரு தடவ நிமிந்து என்னையப் பாத்தா ஸாரே. சிரிச்சா. நானும் கைய ஆட்டினேன்." சேலை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "கூப்பிட ஆளு எதுக்க இருந்தும் கூப்பிடாம விட்டா, அந்தப் பக்கத்துல இருக்கறவளுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும்னு தோணிச்சு. தெரிஞ்சுக்கிட்டேன்."

பஸ் வந்து நின்றது. பெட்டியை ஏற்றினேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கும் சத்தம் வரவில்லை. கண்டக்டர் இரண்டு முறை மணி அடித்தான். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"இனிமே மொதல்ல நீங்க தின்னுங்க ஸாரே. தின்ன ஒடனே பிள்ளைக்குக் கொடுத்துராதீங்க. ஒரு ராத்திரி கழியட்டும்."